29-வது கோரிக்கை: அடிமைகளுக்காக மனு எழுதிய மலையடிவாரக் கிராமம்

1789 மார்ச் 19. பிரான்ஸின் கிழக்குக் கோடியில், வோஜ் மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கும் ஷாம்பாஞே என்ற ஊரில் குடியானவர்கள் ஒன்றுகூடினார்கள். அரசருக்கு மனு எழுத வேண்டும். நாடு அப்போது மிகவும் மோசமான நிலையில் இருந்தது. முந்தைய ஆண்டு விளைச்சல் பொய்த்திருந்தது. பின்னால் வந்த குளிர்காலத்தில் ஆறுகளே உறைந்துபோயின. ரொட்டி விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. கஜானா காலியாகிவிட்ட பதினாறாம் லூயி மன்னர், 175 ஆண்டுகளாகக் கூடாதிருந்த மூவகுப்பு மாமன்றத்தைக் கூட்ட முடிவு செய்து, ஊர் ஊராக மக்கள் தங்கள் குறைகளை எழுதி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தார்.

இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் எந்த ஊரும் எதை எழுதும்? வரியைக் குறையுங்கள். காட்டில் விறகு பொறுக்க விடுங்கள். பண்ணையாருக்கும் மடத்துக்கும் செலுத்தும் பாத்தியதைகளை நிறுத்துங்கள். வெட்டிவேலை வேண்டாம். அந்த ஆண்டு பிரான்ஸ் முழுவதும் எழுதப்பட்ட பல்லாயிரக்கணக்கான மனுக்களைப் புரட்டினால் திரும்பத் திரும்ப இவைதான் வருகின்றன. எல்லாமே நியாயமான கோரிக்கைகள், வயிற்றோடு சம்பந்தப்பட்டவை.

ஷாம்பாஞேகாரர்கள் தங்கள் மனுவில் 29-வதாக ஒன்றை எழுதினார்கள். அதில் அவர்களுக்கென்று எதுவும் கேட்கவில்லை. கடல் கடந்த பிரெஞ்சுக் காலனிகளில் கரும்புக்கும் காபிக்கும் உழைக்கும் கறுப்பின அடிமைகளின் துயரை நினைத்தால் தங்கள் நெஞ்சு தாங்கவில்லை என்று எழுதினார்கள். தங்களைப் போன்ற மனிதர்கள், அதிலும் தங்கள் மதத்தைச் சேர்ந்தவர்கள், பொதி சுமக்கும் மிருகங்களைவிடக் கொடுமையாக நடத்தப்படுவதைச் சொல்லி வருந்தினார்கள். இந்த அடிமைகளை நாட்டுக்குப் பயன்படும் குடிமக்களாக மாற்ற வழிகாண வேண்டும் என்று மன்னரைப் பணிந்து கேட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கோரிக்கைக்காகத்தான் இன்று அந்த ஊரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஏறக்குறைய 3,700 பேர் வாழும் ஊர். பக்கத்து ஊரான ரோன்ஷாமுக்கு, லெ கொர்புசியே கட்டிய தேவாலயத்தைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். நம் சண்டிகர் நகரை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர்தான். அங்கே வருகிறவர்களில் கொஞ்சம் பேராவது இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும்.

சர்க்கரையைப் பற்றி அவர்கள் சொன்னது

29-வது கோரிக்கையில் இரக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அதன் நடுவில் இருப்பது இரக்கத்தைவிடக் கூர்மையானது. காலனிகளிலிருந்து வரும் பண்டங்கள் தங்களைப் போன்ற மனிதர்களின் ரத்தம் பாய்ந்து விளைந்தவை, அதை யோசித்துப் பார்க்கிற எவராலும் அவற்றைப் பயன்படுத்த முடியுமா என்று தங்களால் நம்ப முடியவில்லை என்கிறார்கள். அதற்கும் ஒரு படி மேலே போகிறார்கள். தங்களைவிட அறிவில் தெளிந்த வருங்காலத் தலைமுறை, இந்த நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்கள் நரமாமிசம் தின்றவர்கள் என்று குற்றம் சாட்டிவிடுமோ என அஞ்சுகிறார்கள்.

நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. சாட்டையைப் பிடித்தவன் குற்றவாளி என்று சொல்வது எளிது. கப்பல் முதலாளியையும் தோட்ட முதலாளியையும் சேர்த்துக்கொள்வதும் எளிது. காபியில் சர்க்கரை போட்டுக் குடிப்பவனுக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு என்பதை, 1789-ல் ஒரு மலையடிவாரத்துக் கிராமம் அரசருக்கே எழுதுகிறது. அத்தனைக்கும் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஊர்களில் சர்க்கரை அன்றாடப் பண்டமல்ல. அது பணக்கார வீடுகளின் சாப்பாட்டு மேசைக்குரியது. தங்கள் வாய்க்கு அதிகம் எட்டாத இனிப்புக்கு அவர்கள் பொறுப்பேற்றுக்கொண்டார்கள்.

அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் அந்தக் கோரிக்கையின் கனம் புரியாது. கரீபியக் கடலில் உள்ள சான் டொமேங், அதாவது இன்றைய ஹெய்ட்டி, அப்போது பிரான்ஸின் மிக வளமான காலனி. உலகச் சந்தைக்கு வந்த காபியில் பாதிக்கு மேல் அங்கே விளைந்தது. சர்க்கரையிலும் பெரும்பங்கு அங்கிருந்துதான். சுமார் 5 லட்சம் அடிமைகள், 30,000 வெள்ளையர்கள். அடிமைகள் பிள்ளை பெற்று வளர்த்துப் பெருகும் அளவுக்குக்கூட அங்கே உயிரோடு இருக்க முடியவில்லை. செத்தவர்களின் இடத்தை நிரப்ப ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் இறக்கப்பட்டார்கள். அட்லாண்டிக் அடிமை வணிகம் நடந்த காலம் முழுவதிலும் ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர். மறுகரையில் உயிரோடு இறங்கியவர்கள் 1.07 கோடி. இடையில் உள்ள வித்தியாசம் கடலில் போனது.

இதற்கெல்லாம் சட்டமும் இருந்தது. பதினான்காம் லூயி காலத்தில், 1685-ல் இயற்றப்பட்ட 'கறுப்புச் சட்டம்'. மொத்தம் 60 பிரிவுகள். அடிமைகள் எல்லோருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று 2-வது பிரிவு சொல்கிறது. அதே அடிமை, மேசை நாற்காலியைப் போல அசையும் சொத்து என்கிறது 44-வது பிரிவு. ஒரு மாதம் தப்பியோடியவனுக்குக் காதுகளை அறுத்துத் தோளில் அரச முத்திரையான லில்லிப் பூவைச் சூடுபோட வேண்டும், இரண்டாம் முறை ஓடினால் முழங்காலுக்குப் பின்னாலுள்ள நரம்பை வெட்ட வேண்டும், மூன்றாம் முறை மரணம் என்கிறது 38-வது பிரிவு. ஷாம்பாஞேகாரர்கள் மதத்தை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார்கள் என்பது இதைப் படித்தால் விளங்கும். ஞானஸ்நானம் கொடுத்த கையே சூட்டுக்கோலையும் எடுத்தது.

பார்த்திராத மனிதர்களுக்காக

கடலையே கண்டிராத ஊரில் இந்த விஷயமெல்லாம் எப்படித் தெரிந்தது? ஊரில் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஊர்த் தேவாலயத்தில் இருக்கும் ஓவியம். குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளில் ஒருவரான பல்தசார் அதில் கறுப்பர். மண்டியிட்டு ஜெபிக்கும்போதெல்லாம் அந்த முகத்தைப் பார்த்துப் பழகிய ஊர் இது. பலர் தங்கள் வாழ்நாளில் பார்த்த ஒரே கறுப்பு முகம் அதுவாக இருந்திருக்கலாம். அவர் அங்கே அரசராக, பரிசோடு நிற்கிறார், விலங்கோடு அல்ல.

இரண்டாவது காரணம் ழாக் அந்துவான் பிரிக்லேர். இந்த ஊரில் பிறந்து, மன்னரின் மெய்க்காவல் படையில் அதிகாரியாக இருந்தவர். பாரிஸிலும் வெர்சாய்யிலும் அப்போது சூடுபிடித்திருந்த விவாதத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்கிறார்கள். 1788 பிப்ரவரியில் பத்திரிகையாளர் பிரிசோ தொடங்கிய 'கறுப்பர்களின் நண்பர்கள் சங்கம்' அடிமை வணிகத்துக்கு எதிராகத் துண்டறிக்கைகள் வெளியிட்டுவந்தது. கணித மேதையும் தத்துவவாதியுமான கொந்தோர்சே அதில் முன்னணியில் இருந்தார். மனுக்களில் அடிமைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று 1789 தொடக்கத்தில் நாடெங்கும் வேண்டுகோள் விடுத்தார். அதற்குச் செவிசாய்த்த மனுக்கள் மிகச் சில. அவற்றிலும் பெரும்பாலானவை படித்தவர்களும் குருமார்களும் எழுதியவை. ஒரு கிராமம் இவ்வளவு விரிவாக, இவ்வளவு வேகத்தோடு எழுதியது அபூர்வம்.

பிரிக்லேர் சொல்லிக்கொடுத்துத்தானே எழுதினார்கள், இதில் ஊருக்கு என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடில்லை. யோசனை யாருடையதாகவும் இருக்கட்டும். பசியில் இருக்கும் ஊர், தன் மனுவில் இன்னொருவருக்காக இடம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நம் கஷ்டமே தீரவில்லை, உனக்கெதற்கு ஊர்வம்பு என்று ஒருவர் கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை, அல்லது கேட்டும் எடுபடவில்லை.

இந்த ஊர் இருக்கும் ஃபிரான்ஷ் கோந்தே பகுதிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பிரான்ஸின் பெரும்பாலான இடங்களில் பண்ணையடிமை முறை மறைந்துபோன பிறகும் இங்கே அதன் எச்சம் நீடித்தது. ஒரே கூரையின் கீழ் வாழும் வாரிசு இல்லாமல் குடியானவர் இறந்தால், அவர் உழைத்துச் சேர்த்த நிலமும் வீடும் பண்ணைக்கே போய்விடும். இதே மாகாணத்தின் செயிண்ட் குளோத் மடத்துக் குடியானவர்களுக்காக வோல்தேர் தன் முதுமையில் பல ஆண்டுகள் எழுதிப் போராடினார். மன்னர் தன் சொந்த நிலங்களில் மட்டும் இந்த முறையை 1779-ல் ஒழித்தார். அதற்குப் பத்தே ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது ஷாம்பாஞே மனு. அடுத்தவன் கையில் தன் உடைமை சிக்கியிருப்பது எப்படிப்பட்டது என்பதை அந்த வட்டாரத்து மக்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

வெசூலில் விழுந்த தாள்

மனு மன்னரைப் போய்ச் சேரவில்லை. கிராம மனுக்களை வட்டாரத் தலைநகரில் ஒன்றாகத் தொகுத்து, அந்தத் தொகுப்பையே வெர்சாய்க்கு அனுப்புவதுதான் ஏற்பாடு. வெசூல் நகரில் தொகுத்தபோது 29-வது கோரிக்கை விடுபட்டுப்போனது. மே 5 அன்று மாமன்றம் கூடியபோது ஷாம்பாஞேயின் குரல் அங்கே இல்லை.

அடிமைகளின் விடுதலை வேறு வழியில் வந்தது. அதைச் செய்தவர்கள் அடிமைகளே. 1791 ஆகஸ்டில் சான் டொமேங்கின் வடக்குச் சமவெளியில் கரும்புத் தோட்டங்கள் பற்றி எரிந்தன. அடக்க முடியாத கிளர்ச்சி. 1793 ஆகஸ்ட் 29 அன்று பாரிஸிலிருந்து அனுப்பப்பட்ட ஆணையர் சோந்தோனாக்ஸ், வேறு வழியின்றி அங்கே அடிமை முறை ஒழிந்ததாக அறிவித்தார். சான் டொமேங்கிலிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு வந்த மூன்று பிரதிநிதிகளில் ஒருவர் ழான் பதீஸ்த் பெல்லே. முன்னாள் அடிமை. அவரும் தோழர்களும் அவையில் வந்தமர்ந்த மறுநாள், 1794 பிப்ரவரி 4, எல்லாப் பிரெஞ்சுக் காலனிகளிலும் அடிமை முறை ஒழிக்கப்பட்டதாகத் தீர்மானம் நிறைவேறியது.

நெப்போலியன் அதை 1802-ல் திரும்பப் பெற்றார். குவாதலூப் தீவில் அதை எதிர்த்த தெல்கிரேஸ் என்ற படைத்தலைவரும் அவருடைய ஆட்களும், மறுபடி அடிமையாவதைவிட மேல் என்று, மத்தூபா மலைச்சரிவில் தாங்கள் இருந்த இடத்தையே வெடிவைத்துத் தகர்த்து மாண்டார்கள். சான் டொமேங்கில் கிளர்ச்சியைப் படையாக மாற்றி நடத்திய துசான் லூவெர்த்யூரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துக் கைது செய்து பிரான்ஸுக்குக் கொண்டுபோனார்கள்.

அவரைக் கொண்டுபோய் அடைத்த இடம் ஜூரா மலையில் உள்ள ழூ கோட்டை. ஷாம்பாஞே இருக்கும் அதே ஃபிரான்ஷ் கோந்தே பகுதி. வெப்பத் தீவில் பிறந்து வளர்ந்தவரை, பனி கொட்டும் மலைக்கோட்டையின் ஈரம் கசியும் கற்சிறையில் வைத்தார்கள். அவர் அங்கே தன் வரலாற்றை எழுதினார். பிறகு தாளும் எழுதுகோலும்கூடப் பறிக்கப்பட்டன. 1803 ஏப்ரல் 7 அன்று இறந்தார். உடலைப் புதைத்த இடம் இன்றைக்கு இல்லை. அடிமைகளுக்காகக் குரல் எழுப்பிய கிராமமும், அடிமைகளை விடுவித்தவர் செத்த சிறையும் ஒரே மாகாணத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பிரான்ஸின் கதையைச் சொல்ல முடியாது. அவர் இறந்து ஒன்பது மாதத்தில், 1804 ஜனவரி 1 அன்று, ஹெய்ட்டி விடுதலை பெற்றது. அந்த விடுதலையை அங்கீகரிக்க 1825-ல் பிரான்ஸ் கேட்ட விலை 15 கோடி ஃபிராங்க். பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கடனின் சுமை அந்த நாட்டின் முதுகில் பல தலைமுறைகள் ஏறி உட்கார்ந்திருந்தது.

இறுதியான ஒழிப்பு 1848 ஏப்ரல் 27 அன்று, அடிமை ஒழிப்புக்காகப் போராடிய விக்டர் ஷோல்ஷேரின் முயற்சியால் வந்தது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் விடுதலையானார்கள். மறு ஆண்டு நஷ்டஈடும் கொடுத்தார்கள், சுமார் 12.6 கோடி ஃபிராங்க். அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு.

காரைக்காலிலிருந்து கிளம்பிய கப்பல்

இந்த இடத்தில்தான் இந்தக் கதைக்குள் நாம் வருகிறோம். விடுதலையானவர்களில் பலர் பழைய தோட்டங்களில் பழைய கூலிக்கு வேலை செய்ய மறுத்தார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டும். பிரெஞ்சு அரசு புதுச்சேரியையும் காரைக்காலையும் திரும்பிப் பார்த்தது. 1853 மே 6 அன்று 'ஓரேலி' என்ற கப்பல் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்க் கூலிகளோடு மார்த்தினிக் தீவில் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதே கப்பல் குவாதலூப்பில் ஆட்களை இறக்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று கைநாட்டு வாங்கினார்கள். திரும்பி வந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் அங்கேயே மாரியம்மனுக்குக் கோவில் கட்டி, கிடாவெட்டி, தலைமுறைகளில் தமிழை மெல்ல மறந்து, அந்தத் தீவின் மக்களாகிப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வாக்குரிமைகூட இல்லாதிருந்தது. குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-ல் வழக்காடத் தொடங்கி, 1923-ல்தான் அந்த உரிமை கிடைத்தது.

அதற்கு முன்பும் நம் கரையிலிருந்து ஆட்கள் போயிருக்கிறார்கள், ஒப்பந்தம்கூட இல்லாமல். பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்குச் சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளும் கொண்டுபோகப்பட்டார்கள். புதுச்சேரியில் ஆட்களை ஏமாற்றிப் பிடித்துக் கப்பலேற்றிய கும்பலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1743-ல் எழுதியிருக்கிறார். ஆகவே ஷாம்பாஞேகாரர்கள் 'காலனிகள்' என்று எழுதியபோது, அவர்கள் அறியாமலேயே அதில் தமிழர்களும் இருந்தார்கள்.

செங்கோர் வாழ்த்திய வீடு

ஷாம்பாஞே மனு எழுதப்பட்டு நூற்றெண்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தாளுக்கு மீண்டும் உயிர் வந்தது. ரெனே சிமோனன் என்பவரின் முயற்சியில் 1971-ல் ஷாம்பாஞேயில் இந்த அருங்காட்சியகம் பிறந்தது. அதன் பெயர் 'நெக்ரித்யூட் மற்றும் மனித உரிமைகள் இல்லம்'. 1930-களில் பாரிஸில் படித்துக்கொண்டிருந்த எமே செசேர், லெயோபோல் செதார் செங்கோர், லெயோன் தமாஸ் போன்ற கறுப்பின இளைஞர்கள், தங்கள் நிறமும் பண்பாடும் தங்களுக்குப் பெருமை என்று தொடங்கிய இயக்கம் நெக்ரித்யூட். அந்த செங்கோர், செனகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவராகி, இந்த இல்லத்துக்குப் புரவலராக இருக்கச் சம்மதித்தார். ஒரு நாட்டின் தலைவர், அதுவும் கவிஞர், பிரான்ஸின் மூலையில் இருக்கும் கிராமத்துக் காட்சியகத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தது சாதாரண விஷயமில்லை. இதே செங்கோர் 1974-ல் சென்னைக்கு வந்து, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் நெக்ரித்யூட்டுக்கும் திராவிடப் பண்பாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசினார். ஆப்பிரிக்கருக்கும் திராவிடருக்கும் பழைய தொடர்பு உண்டு என்ற எண்ணம் அவருக்கு மிகப் பிடித்தமானது. மொழியியலாளர்கள் அதை ஏற்றார்களா என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டை அவர் அன்போடு நினைத்தார் என்பது உண்மை.

அடிமை வணிகத்தில் பணம் குவித்த துறைமுகங்கள் எவ்வளவு தாமதமாக வாய் திறந்தன என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த 1971-ன் மதிப்பு தெரியும். பிரெஞ்சு அடிமைக் கப்பல்களில் மிக அதிகமாகக் கிளம்பியது நாந்த் துறைமுகத்திலிருந்துதான். அங்கே அடிமை ஒழிப்பு நினைவிடம் திறந்தது 2012-ல். அடிமை முறையை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று பிரெஞ்சுச் சட்டம் ஏற்றது 2001-ல், தோபிரா சட்டத்தின் மூலம். மே 10-ஐ நினைவுநாளாக முதன்முதலில் அனுசரித்தது 2006-ல். இந்தக் கிராமம் அதற்கெல்லாம் முப்பது ஆண்டுகள் முன்னதாகவே தன் சிறிய வீட்டில் இரும்பு விலங்குகளைக் காட்சிக்கு வைத்துவிட்டது.

உள்ளே போகிறவர்கள் அதிகம் பேசாமல் நிற்கும் இடம் அடிமைக் கப்பலின் கீழ்த்தளத்தை மாதிரியாக அமைத்திருக்கும் பகுதி. அதன் பின்னணி தெரிந்தால்தான் அந்த இருட்டின் அளவு புரியும். 1788-ல் இங்கிலாந்தில் 'புரூக்ஸ்' என்ற கப்பலின் வரைபடத்தை அச்சிட்டார்கள். ஆட்களை எப்படி அடுக்கினார்கள் என்று மேலிருந்து காட்டும் படம். படுத்த நிலையில், ஒருவர் தலை இன்னொருவர் காலருகே, நடுவில் ஓர் அங்குல இடமும் வீணாகாமல். வளர்ந்த ஆணுக்கு ஆறடி நீளமும் ஓரடி நான்கு அங்குல அகலமும். அவ்வளவுதான். திரும்பிப் படுக்கப் பக்கத்தில் இருப்பவரும் திரும்ப வேண்டும். இரண்டு பேரின் கால்களை ஒரே விலங்கில் பூட்டுவது வழக்கம். ஒருவர் இரவில் இறந்துவிட்டால், விடிந்து ஆள் வரும்வரை மற்றவர் அந்தப் பிணத்தோடுதான் கிடக்க வேண்டும். அட்லாண்டிக்கைக் கடக்க ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அந்தக் காலத்தில் இந்தப் படம் பிரான்ஸிலும் பரவியது. சட்ட வாதங்கள் செய்ய முடியாததை அது செய்தது.

காட்சியகம் பழங்காலத்தோடு நின்றுவிடவில்லை. இன்றைய அடிமைத்தனங்களையும் பேசுகிறது. அது சரியான முடிவு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 5 கோடிப் பேர் நவீன அடிமை நிலையில் இருக்கிறார்கள். அவர்களில் 2.8 கோடிப் பேர் கட்டாய உழைப்பில். நாம் உடுத்தும் துணியிலும் கையில் வைத்திருக்கும் கைப்பேசியிலும் அவர்களின் உழைப்பு எங்காவது கலந்திருக்கக்கூடும். ஷாம்பாஞேகாரர்கள் சர்க்கரையைப் பற்றிக் கேட்டதும் இதைத்தான்.

2004-ல் இந்த ஊரை மையமாக வைத்து 'அடிமை ஒழிப்புப் பாதை' என்ற ஒன்றை உருவாக்கினார்கள். துசான் இறந்த ழூ கோட்டை, அடிமை ஒழிப்புக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய பாதிரியார் கிரெகுவார் பங்குத்தந்தையாக இருந்த ஆம்பெர்மெனில், ஷோல்ஷேரின் தந்தை பிறந்த அல்சாஸ் கிராமமான ஃபெசென்ஹைம் ஆகியவை அதில் சேர்ந்திருக்கின்றன. எல்லாமே கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கும் கிழக்கு பிரான்ஸின் ஊர்கள்.

குறையும் உண்டு

ஷாம்பாஞேயைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும்போது சில உண்மைகளை மறந்துவிடக் கூடாது. அந்த மனு யாரையும் விடுவிக்கவில்லை. அடிமைகளை உடனே விடுதலை செய்யச் சொல்லவும் இல்லை. பயனுள்ள குடிமக்களாக்க வழி தேடுங்கள் என்றுதான் கேட்டது. பயன் இல்லாவிட்டால் மனிதன் மனிதனில்லையா என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தங்கள் மதத்தவர் என்பதால் அதிகம் வருந்தினார்கள் என்பதும் இருக்கிறது. அன்றைய பாரிஸ் சங்கத்தினரே முதலில் வணிகத்தை நிறுத்துவோம், அடிமை முறை படிப்படியாகப் போகட்டும் என்ற நிலையில்தான் இருந்தார்கள். கூடிய குடியானவர்கள் ஆண்கள். விதிப்படி 25 வயதைக் கடந்து, வரிப் பட்டியலில் பெயர் உள்ள ஆண்களுக்கே கூட்டத்தில் குரல். அந்த ஊர்ப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குத் தாள் இல்லை.

இன்னொன்றும் முக்கியம். ஐரோப்பிய நல்லவர்கள் அடிமைகளை விடுவித்தார்கள் என்று கதை சொல்ல இந்த மனு எளிதாகப் பயன்படும். அப்படிச் சொன்னால் துசானும் தெல்கிரேஸும் பெல்லேயும் பெயர் தெரியாத லட்சக்கணக்கானவர்களும் ஓரத்துக்குத் தள்ளப்படுவார்கள். ஆப்பிரிக்கப் புரவலரோடு, கறுப்பர்களின் இயக்கம் ஒன்றின் பெயரைத் தலையில் தாங்கி நிற்பதால் இந்தக் காட்சியகம் அந்தக் குழியில் விழாமல் தப்புகிறது என்று நினைக்கிறேன். தோற்றுப்போன ஒரு மனுவை, தோற்றது என்று தெரிந்தே ஊர் பெருமையாக வைத்திருக்கிறது. வென்ற போர்களுக்கு எல்லா ஊரிலும் சிலை இருக்கிறது. எடுபடாமல் போன நியாயத்துக்கு வீடு கட்டிய ஊர் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

இது சாத்தியமானதற்கு அடிப்படையான காரணம், அந்தத் தாள் அழியாமல் இருந்தது. வெசூலில் ஒதுக்கியவர்கள்கூட அதைக் கிழித்துப் போடவில்லை. நம்மிடம் இருப்பதை நாம் அப்படிக் காப்பாற்றியிருக்கிறோமா? பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு 1843-ன் ஐந்தாம் சட்டத்தோடு போனது. அதற்கு முன் தமிழகத்தில் ஆட்களை விற்றதற்கும் அடகு வைத்ததற்கும் ஓலைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' அந்த வரலாற்றை விரிவாகப் பேசுகிறது. கிடைத்தவை கொஞ்சம். பரணில் கரையானுக்குப் போனவையும், படிக்கத் தெரியாமல் அடுப்புக்குப் போனவையும், குடும்பத்துக்கு அவமானம் என்று வேண்டுமென்றே கொளுத்தப்பட்டவையும் எத்தனையோ.

உங்கள் வீட்டில் பழைய ஓலைக்கட்டு இருந்தால், பத்திரம், அடமானம், கூலிச்சீட்டு எதுவாக இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். சென்னையில் உள்ள அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ பக்கத்துப் பல்கலைக்கழகத்திலோ காட்டுங்கள். காரைக்கால், நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் யார் வீட்டிலாவது மார்த்தினிக், குவாதலூப், ரீயூனியன் போனவர்களின் கடிதமோ சீட்டோ இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டுங்கள். அதில் விற்கப்பட்டவரின் பெயர் இருக்கலாம். வாங்கியவரின் பெயர் உங்கள் தாத்தாவின் பெயராகவே இருந்தாலும் மறைக்காதீர்கள்.